பெயர் வெட்டப்படும் நாள்: பாசிசத்தின் முன்னறிகுறிகளைக் கண்டுகொள்ளப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் 'பெயர்' என்ற சொல்லின் கனம் தெரியும். விடியற்காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய், நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்த பிறகும் கணக்குப்பிள்ளை பெயர் போட்டால்தான் அது வேலை. கிலோ குறைந்தால் அரைப்பெயர். பெயர் விழாவிட்டால் அன்றைய உழைப்புக்குச் சாட்சியே இல்லை. பாசிசம் என்ற சொல்லை எங்கள் வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு விளக்கும்போது நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். நாட்டின் பேரேட்டில் யாருடைய பெயர் இருக்கலாம், யாருடைய பெயரை வெட்டலாம் என்ற பேச்சு எப்போது சாதாரணப் பேச்சாகிறதோ, அப்போதே நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

அரசியல் விஞ்ஞானம் படித்தவர்களுக்காக இதை எழுதவில்லை. உயர்தரம் முடித்து முதல் வாக்கைப் போடப்போகிற பிள்ளைக்கு, கொழும்புக் கடையொன்றில் வேலை செய்து தீபாவளிக்கு ஊர் திரும்புகிற தம்பிக்கு, மாதர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த தங்கைக்கு எழுதுகிறேன். ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஏன் தேவை என்பது போகப்போகத் தெரியும்.

முதற்படி: சொல்லின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இத்தாலிய மொழியில் 'பாஷியோ' என்றால் கட்டு. விறகுக் கட்டில் குச்சிகள் சேர்ந்திருப்பதுபோல் மனிதர்கள் சேர்ந்து நிற்பதைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார்கள். 1890களில் சிசிலித் தீவின் ஏழை விவசாயிகளும் தொழிலாளர்களும் தங்கள் சங்கங்களுக்கு வைத்திருந்த பெயர் அது. 1919 மார்ச்சில் மிலான் நகரில் முசோலினி தொடங்கிய இயக்கமும் அதே சொல்லை எடுத்துக்கொண்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், போ ஆற்றுச் சமவெளியின் நிலவுடைமையாளர்கள் கொடுத்த பணத்தில் கருஞ்சட்டைக் குழுக்கள் லொறிகளில் புறப்பட்டுப் போய் விவசாயக் கூலிகளின் சங்க அலுவலகங்களைக் கொளுத்தின. சங்கத் தலைவர்களை வீட்டிலிருந்து இழுத்துவந்து, விளக்கெண்ணெயை வாயில் ஊற்றி, ஊர் நடுவே அவமானப்படுத்தின. தொழிலாளியின் சொல்லைத் திருடி, அந்தத் தொழிலாளியையே அடித்தார்கள். சந்தா கட்டிச் சங்கம் வளர்த்த மலையகத்தவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 'நம் தேசம் ஒரு காலத்தில் புனிதமாக, பெருமையாக இருந்தது. உள்ளே இருக்கிற ஒரு கூட்டத்தால் கெட்டுவிட்டது. ஒரே இனம், ஒரே தலைவர், வேண்டுமானால் அடிதடி என்று இறங்கினால்தான் மீளும். அதற்கு வாக்கும் சட்டமும் சங்கமும் பத்திரிகையும் வழிவிட வேண்டும்.' இந்த நான்கு வாக்கியங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒலித்தால் அதுதான் பாசிசம்.

நமக்குப் பிடிக்காத எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். தோட்டத்தை நடத்தும் துரை அன்றாடம் பறிக்க வேண்டிய கிலோவை ஏற்றினால் அது சுரண்டல். அதை எதிர்க்கச் சங்கம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிங்களத்தில் மட்டும் படிவம் கொடுத்தால் அது பாரபட்சம், சட்டமீறல். ஒரு கட்சி தேர்தலில் வென்று நமக்கு ஒவ்வாத வரவுசெலவுத் திட்டம் போட்டால் அது வெறும் அரசியல். எல்லாவற்றையும் பாசிசம் என்று சொல்லிப் பழகினால், உண்மையிலேயே அது வரும் நாளில் கத்த நம்மிடம் சொல் மிஞ்சாது.

இரண்டாம் படி: பட்டியல்களைக் கவனியுங்கள்

1947 தேர்தலில் மலையகத்திலிருந்து, தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்கள் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்தது. 1952 தேர்தலில் நம் மக்களுக்கென்று ஓர் உறுப்பினர்கூட இல்லை. சுமார் ஏழு லட்சம் பேர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், அதே கொழுந்தையே பறித்தார்கள். பேரேட்டில் மட்டும் இல்லாமல் போனார்கள்.

இங்கே நின்று, வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். சட்டத்தில் 'தமிழர்' என்ற சொல் இல்லை, 'தோட்டத் தொழிலாளி' என்ற சொல்லும் இல்லை. நீ இங்கே பிறந்திருந்தாலும் உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததை நிரூபி. அது முடியாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபி என்றது. பார்வைக்குப் பொதுச் சட்டம். ஆனால் பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பூட்டனின் சான்றிதழுக்கு எங்கே போவது? 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க, 1946 ஜனவரிக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது. என் பாட்டியின் தகரப் பெட்டியில் அந்த விண்ணப்பத்தின் பிரதி நெடுங்காலம் கிடந்தது. மடிப்புகளில் கிழிந்து, ஓரம் பழுத்து, இடது மூலையில் கட்டைவிரல் ரேகையோடு இருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இடையில் தாயைப் பார்க்க ஒருமுறை இந்தியா போய்வந்ததை 'இடைவிடாமல்' என்ற சொல் ஏற்கவில்லை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் காகிதத்தை எறிய யாரையும் அனுமதித்ததில்லை.

பாராளுமன்றத்தில் முறைப்படி நிறைவேறிய சட்டம் அது. அன்றைய அரசைப் பாசிச அரசு என்று நான் சொல்ல மாட்டேன். எதிர்க்கட்சி இருந்தது, தேர்தல் நடந்தது. ஆனால் கையாண்ட கருவி எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1935இல் ஜெர்மனியில் நூரெம்பேர்க் சட்டங்கள் யூதர்களைப் பிரஜைகள் என்ற நிலையிலிருந்து தள்ளின. அங்கே முடிவு கொலை முகாம். இங்கே 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பதுபோல் மனிதர்களைப் பிரித்தார்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் ஒரு கூட்டத்தாரைக் காகிதத்தில் அந்நியராக்கிவிட்டால் அவர்களுக்கு எதையும் செய்யலாம் என்ற துணிவு பிறந்துவிடும் என்பது இரண்டுக்கும் பொது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மலையகத்தாரின் உரிமை பறிபோனபோது, இது அந்த ஒரு மக்களோடு நிற்காது என்று கண்டு, இருந்த கட்சியை விட்டுப் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் தமிழ்த் தலைவர் செல்வநாயகம். ஏழே ஆண்டுகளில், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் வந்தது. வெட்டிப் பழகிய பேனா அடுத்த பெயரைத் தேடும்.

ஆகவே எந்தப் புதிய சட்டமோ சுற்றறிக்கையோ வந்தாலும் கொப்பியில் ஒரு கேள்வியை எழுதுங்கள்: இது கேட்கிற ஆதாரம் யாரிடம் ஒருபோதும் இருக்க முடியாதது?

மூன்றாம் படி: வதந்தியின் உடற்கூற்றைப் பழகுங்கள்

இந்தப் படியில் அதிக நேரம் செலவிடுங்கள். நம் காலத்தில் அறிகுறி முதலில் வந்து விழுவது கைத்தொலைபேசியில்தான்.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. வாடிக்கையாளர் ஒருவரின் கறியில் ஏதோ கட்டி மிதந்தது. சிங்களவரை மலடாக்க மாத்திரை போட்டாயா என்று ஒரு கூட்டம் கடைக்காரரைச் சுற்றிக்கொண்டு சிங்களத்தில் கேட்டது. அவருக்குச் சிங்களம் சரியாக வராது. பயத்தில் தலையாட்டி, ஆம் என்பதுபோல் ஏதோ சொன்னார். அதைப் படம்பிடித்து முகநூலில் போட்டார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. உணவில் கலந்து ஆளை நிரந்தர மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. மொழி புரியாமல் தலையாட்டியதால் வந்த வினை என்ன என்பதைத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் பொலிஸ் நிலையத்திலும் நின்ற நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது நம் கண்டி மாவட்டத்திலேயே நடந்தது. தெல்தெனியவில் வாகனத் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்தார். அது ஒரு குற்றம். குற்றவாளிகளைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டிய விஷயம். ஆனால் மாத்திரைக் கதையால் ஏற்கெனவே காய்ந்து கிடந்த மனங்களில் தீ பற்றியது. மார்ச் 5ஆம் திகதி திகனயில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீடொன்றுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்துகிடந்தார். மறுநாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று; பிறகு முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக 2020இல் முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைகளுக்கு அதனால் கூரை வரவில்லை.

அந்த வாரம் எங்கள் கடைவீதியிலும் பாதிக் கதவு சாத்தியிருந்தது. மருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற பிள்ளையின் போனில் ஒரு குரல் பதிவு வந்தது. மூச்சிரைக்க ஒரு பெண் தமிழில் பேசினாள்: இன்றிரவு லயங்களுக்கும் வருகிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று. பிள்ளையின் விரல் 'அனுப்பு' பொத்தானுக்கு மேலே நின்றது. அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். பேசுவது யார்? எந்தத் தோட்டம்? எந்தத் திகதி? மறுபடி போட்டுக் கேட்டாள். பதிவில் இவற்றில் எதுவுமே இல்லை. அழுகையும் அவசரமும் மட்டும் இருந்தன. அந்தத் தோட்டம், இந்தத் தோட்டம் என்று தெரிந்த நான்கு பேருக்கு நேரே அழைத்துப் பேசினோம். எங்கும் ஒன்றும் நடக்கவில்லை. அவள் அதை அழித்தாள்.

இந்தக் கேள்விகளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். நான்காவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதை நம்பினால் நான் யாரை வெறுக்க வேண்டும்? வெறுப்பைக் கிளப்பும் வதந்திகள் பெரும்பாலும் மூன்று பயங்களைச் சுற்றியே வரும். அவர்கள் பெருகுகிறார்கள், நம் பெண்களைக் கெடுக்கிறார்கள், நம் கடையையும் காணியையும் பிடிக்கிறார்கள். 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்று நம்மை அழைத்தவர்கள் பேசியதும் இதே பயங்களைத்தான்.

நான்காம் படி: தராசைப் பாருங்கள்

வன்முறை நடப்பதால் மட்டும் ஒரு நாடு பாசிசத்தின் பக்கம் சரிகிறது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு மறுநாள் சட்டம் யாரைப் பிடிக்கிறது, யாரை விடுகிறது என்று பாருங்கள்.

2000 அக்டோபர் 25. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். அரசின் பாதுகாப்பில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை ஒரு கூட்டம் உள்ளே புகுந்து அடித்தும் எரித்தும் கொன்றது. பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். வழக்கு நடந்தது, சிலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர் நீதிமன்றம் மீதமிருந்தவர்களையும் விடுவித்தது. யாரும் குற்றவாளி இல்லை.

இதன் பக்கத்தில் வேறொரு பாரத்தை வையுங்கள். 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்திருந்த உடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்டிருந்தது. அதைப் பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மசக்கரம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். பயன்படுத்தியது 2007ஆம் ஆண்டின் சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சட்டம். வெறுப்புப் பேச்சிலிருந்து சிறுபான்மையினரைக் காக்க வந்த பிரிவு அது. சக்கரப் படத்துக்குச் சிறை, முகாமைக் கொளுத்தியவருக்கு விடுதலை என்று தராசு சாயும்போது, நாளை கல்லெடுப்பவனுக்கு அது அழைப்பிதழாகிவிடுகிறது.

1979இல் தற்காலிகமாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானதையும் இந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். 'கொஞ்ச நாளைக்கு மட்டும்' என்று வரும் அதிகாரங்களின் முடிவுத் திகதியைத் தேடுங்கள். திகதி இல்லையென்றால் கேள்வி எழுப்புங்கள்.

ஐந்தாம் படி: மேடையில் யார், கீழே யார்

1933 மே முதலாம் திகதியை ஹிட்லரின் அரசு சம்பளத்துடன் கூடிய தேசிய விடுமுறையாக்கியது. ஜெர்மன் தொழிலாளர்கள் ஆண்டாண்டாகக் கேட்டுவந்தது அது. பேர்லினில் பெரும் கூட்டம், கொடிகள், உரைகள். சங்கத் தலைவர்களும் தங்கள் உறுப்பினர்களைப் போகச் சொன்னார்கள். மறுநாள், மே 2ஆம் திகதி, நாடு முழுவதும் சங்க அலுவலகங்களுக்குள் புகுந்து நிதியைப் பறித்துத் தலைவர்களைப் பிடித்துச் சென்றார்கள். மே தினத்துக்கு லொறி ஏறிப் போகும் தம்பிகளே, இதை மறக்காதீர்கள். நம்மை அழைத்துப் பாராட்டுகிறவர் நம் சங்கத்தின் கணக்கையும் தேர்தலையும் வேலைநிறுத்த உரிமையையும் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

தலைவர் வழிபாடு பற்றிப் பலரும் பேசுவார்கள், நான் நீட்டவில்லை. ஒரு தலைவரின் படத்துக்கு மாலை போடுவதால் பாசிசம் வந்துவிடாது. அவரைக் கேள்வி கேட்டவரை ஊர் விலக்கிவைத்தால் வந்துகொண்டிருக்கிறது. தேர்தலைத் தள்ளிவைப்பதும் அப்படித்தான். 1982 டிசம்பர் 22 அன்று பாராளுமன்றத் தேர்தலுக்குப் பதிலாக ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குப் பானை என்று சின்னம் கொடுத்து ஒரு சர்வஜன வாக்கெடுப்பு வைத்து, இருந்த சபையின் ஆயுளையே ஆறு ஆண்டு நீட்டினார்கள். அடுத்த ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், நாடு எரிந்தது.

ஆறாம் படி: கண்ணாடியைத் திருப்புங்கள்

எழுதக் கடினமான பகுதி இது. விட்டுவிட்டால் மற்றவற்றை எழுதியதில் அர்த்தமில்லை.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். செய்தவர்கள் தமிழர்கள், தமிழில் அறிவித்தார்கள். பெயர் வெட்டும் பேனா எந்த இனத்தின் கையிலும் உட்காரும்.

2020இல் கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரிக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இருபதே நாளான குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. கொழும்பில் பொரளை மயான வேலியில் எல்லா இனத்தவர்களும் வந்து எதிர்ப்பாக வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. அந்த மாதங்களில் நம் கடைத்திண்ணைகளில் என்ன பேசினோம்? 'நாங்களும் எரிக்கத்தானே செய்கிறோம், அவர்களுக்கு மட்டும் என்ன' என்று சொன்னவர்களை நான் என் காதால் கேட்டேன். அதைச் சொன்னவர் நல்ல மனிதர், கோவில் காரியங்களில் முன்நிற்பவர். பாசிசத்தின் முன்னறிகுறி ஒரு நல்ல மனிதரின் வாயிலிருந்து சாதாரணமாக விழுவதைப் பார்த்த நாள் அது.

கடல் கடந்து வரும் காணொளிகளையும் கவனியுங்கள். நம் தெய்வங்களின் படத்தைப் போட்டு, பக்கத்து லயத்தில் ஜெபக்கூட்டம் நடத்தும் குடும்பத்தையும் கடைவீதி முஸ்லிமையும் எதிரியாகக் காட்டுகிறவை. அந்தக் குடும்பம் உங்கள் வீட்டுச் சாவுக்கு வந்து சோறாக்கிய குடும்பம் என்பது அந்தக் காணொளிக்குத் தெரியாது.

ஏழாம் படி: கையில் செய்ய வேண்டியவை

கொப்பியில் திகதி, இடம், கேட்ட சொல், பார்த்தவர் என்று நான்கு நிரல் போடுங்கள். அபிப்பிராயம் எழுத வேண்டாம். சுவரில் ஒட்டிய துண்டுப்பிரசுரம், கூட்டத்தில் பேசிய வாக்கியம், வாகன இலக்கம் என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். முன்பு ஒருவர் தயங்கிச் சொன்னதை இப்போது பலர் உரக்கச் சொல்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

வீட்டில் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். வாக்காளர் இடாப்புத் திருத்தப்படும்போது கிராம உத்தியோகத்தரிடம் நேரே போய் உங்கள் பெயரையும் பக்கத்து வீட்டாரின் பெயரையும் பாருங்கள். மிஞ்சியிருந்த மலையகத்தாருக்கும் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, 55 ஆண்டுகள், இந்தப் பெயர்களுக்காக நம் முன்னோர் காத்திருந்தார்கள்.

கைது என்று வந்தால் காரணத்தைக் கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பாகுபாட்டுக்கு எதிரான உரிமை 12இல். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996. அங்கேயும் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிடுங்கள். அரச அலுவலகம் எதையாவது மறைத்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.

சிங்களம் படியுங்கள். அம்பாறைக் கடைக்காரரை நினைத்துச் சொல்கிறேன். அயல் கிராமத்துச் சிங்கள வீடு ஒன்றிலாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 1983இல் நம்மில் பலர் உயிரோடு இருந்ததற்குக் காரணம் அப்படியொரு வீட்டின் பின்கதவு.

கடைசியாக, ஊரில் பதற்றம் வருவதற்கு முன்பே ஐந்து பேர் சேர்ந்து ஒரு தாளில் ஐந்து தொலைபேசி இலக்கங்களை எழுதுங்கள்: கோவில் தலைவர், பள்ளிவாசல் நிர்வாகி, விகாரையின் தேரர், தேவாலயப் பாதிரியார், தோட்டத் தலைவர். ஒரு வதந்தி வந்தால் யார் யாரை அழைப்பது என்று இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதியை உங்கள் இனத்தவர் அல்லாத ஒருவரின் வீட்டில் கொடுத்துவையுங்கள். எங்களுடையது கடைவீதியில் மருந்துக் கடைக்காரரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.